யந்திரம் வந்தது, கண் திறந்ததா?

ஜெர்மனி தேசத்து வுர்ஸ்பர்க் நகரில், 1895-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி மாலையில், ராண்ட்ஜன் என்ற ஆசிரியர் தமது ஆராய்ச்சிசாலையில் ஓர் அபூர்வக் கிரணத்தைக் கண்டார். அது இன்னதென்று தமக்கே விளங்காமையால், கணித சாஸ்திரிகள் தெரியாத எண்ணுக்கு இடும் 'எக்ஸ்' என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். மாம்சத்தை ஊடுருவி எலும்பை நிழலாகக் காட்டும் அந்தக் கிரணத்தைக் கண்டு உலகம் பிரமித்தது. 1901-ல் பௌதிக சாஸ்திரத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே அளிக்கப்பட்டது. தமது கண்டுபிடிப்புக்குத் தனியுரிமை பெற்றுப் பணம் குவிக்க அவர் மறுத்துவிட்டார். அது மனித குலம் முழுவதற்கும் சொந்தம் என்பது அவருடைய எண்ணம்.

அந்தக் கொடை நமக்கும் வந்து சேர்ந்தது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934-ல் பர்னார்டு கதிரியக்க ஸ்தாபனம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் ராஜதானி முழுவதற்கும் அபூர்வமாயிருந்த சாதனம் இன்று சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் விளம்பரப் பலகை மாட்டி நிற்கிறது. எக்ஸ்-ரே, அல்ட்ராஸவுண்டு, ஸி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்ற சொற்கள் எழுதப் படிக்கத் தெரியாத ஏழையின் வாயிலும் சரளமாக வருகின்றன. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் யந்திரத்தை விலைக்கு வாங்குவது போல, அது காட்டுவதைக் காணும் கண்ணையும் விலைக்கு வாங்க முடியுமா? இதுவே இன்று நாம் வாசகர்கள் முன் வைக்கும் கேள்வி.

நிழலுக்குப் பின்னால் ஓர் உயிர்

ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியை மனத்தில் வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணி. இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருக்கும் நெசவுத் தொழிலாளி ஒருவர் வருகிறார். மார்பு எக்ஸ்-ரே எடுக்கப்படுகிறது. கதிரியக்க நிபுணர் ஜில்லாத் தலைநகரில் வசிக்கிறார்; வாரத்துக்கு இரு முறைதான் இங்கே வருவார். ஆகவே அந்தப் படத்தை முதலில் பார்ப்பவரும், அநேகமாகக் கடைசியில் பார்ப்பவரும், அங்குள்ள பொது வைத்தியரே. கழுத்துப்பட்டை எலும்பின் பின்னால், நுரையீரலின் உச்சியில், நகக்கண் அளவு நிழல் ஒன்று மறைந்து நிற்கிறது. வைத்தியர் அதைக் கண்டுகொண்டால் சளிப் பரிசோதனை நடக்கும். க்ஷயரோகம் என்று நிச்சயமானால் மருந்து கிடைக்கும். அத்தொழிலாளியின் மனைவி மக்களும் காப்பாற்றப்படுவர். காணத் தவறினால், 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற ஆறுதலோடும் ஒரு புட்டி இருமல் மருந்தோடும் அவர் வீடு திரும்புவார். இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் நிற்பது யந்திரமல்ல; யந்திரம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. நடுவில் நிற்பது ஒரு மனிதருடைய பயிற்சி.

அந்தப் பயிற்சியை அவர் எங்கே பெற்றார்? எப்பொழுது பெற்றார்? அதன் பிறகு அதை யார் புதுப்பித்தார்கள்? இக்கேள்விகளைக் கேட்பது வைத்தியர்களை அவமதிப்பதாகாது. இவற்றைக் கேளாமலிருப்பதே அவர்களுக்கும் ஜனங்களுக்கும் நாம் செய்யும் துரோகமாகும்.

ஒரு வைத்தியர் இருபத்தைந்து வயதில் பட்டம் பெற்று அறுபத்தைந்து வயது வரையில் தொழில் நடத்துகிறார் என்று கொள்வோம். நாற்பது வருஷம்! இந்தத் துறையில் நாற்பது வருஷம் என்பது ஒரு யுகம். ஸ்காட்லாந்து தேசத்து கிளாஸ்கோவில் அயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் ஒலியலைகளைக்கொண்டு வயிற்றினுள் இருப்பதைப் படம் பிடிக்கும் முறையைப் பிரசுரித்தது 1958-ல். ஹவுன்ஸ்பீல்டு என்ற எஞ்சினீயர் அமைத்த ஸி.டி. யந்திரத்தில் லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது 1971-ல். காந்த சக்தியால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்காக லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2003-ல். 1950-ல் பட்டம் பெற்ற வைத்தியர் கல்லூரியில் கற்றது எக்ஸ்-ரே ஒன்றுதான். மற்றவை யாவும் அவர் தொழில் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே வந்து குவிந்தன. இன்று பட்டம் பெறுகிறவருடைய கதியும் இதுவே. கல்லூரி வாசலைத் தாண்டியதும் புஸ்தகத்தை மூடிவிட்டவர் பத்து வருஷத்தில் பழையவராகிவிடுவார். இதில் யாருடைய குற்றமும் இல்லை. சாஸ்திரம் நடந்துகொண்டே இருக்கிறது, நாமும் நடக்கவேண்டும்.

கண் ஏமாறும் விதம்

'படம் கண்ணெதிரே இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா?' என்று சிலர் நினைக்கலாம். அந்த நினைப்புத் தவறு என்பது நெடுநாளைக்கு முன்பே ருஜுவாகிவிட்டது. அமெரிக்காவில் 1947-ல் பிரசுரமான ஆராய்ச்சி ஒன்றில், தேர்ந்த நிபுணர்கள் ஒரே மார்புப் படங்களைத் தனித்தனியே படித்தார்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் மாறுபட்டார். அதைவிட ஆச்சரியம், அதே நிபுணர் அதே படத்தைச் சில காலம் கழித்துப் படித்தபோது தம்முடைய பழைய அபிப்பிராயத்துக்கே மாறுபட்டார். 1949-ல் கார்லண்டு என்ற டாக்டர் இவ்விஷயத்தைப் பகிரங்கமாக எடுத்துக்காட்டி, கோளாறு உள்ள படங்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்றில் கோளாறு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்று தம் தொழிலினருக்கே எடுத்துரைத்தார். தம் வகுப்பாரின் குறையைத் தாமே வெளியிட்ட அந்தத் தைரியத்தை நாம் போற்றுகிறோம்.

2013-ல் வெளியான மற்றொரு பரிசோதனை இன்னும் விசித்திரமானது. நுரையீரலில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க நிபுணர்களிடம் ஸி.டி. படங்கள் கொடுக்கப்பட்டன. அப்படங்களில் ஒன்றிலே கொரில்லாக் குரங்கின் உருவம் ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே பதித்திருந்தார்கள். அது சாதாரணக் கட்டியைக் காட்டிலும் 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் காணவில்லை! அவர்கள் கண் குருடல்ல. மனம் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. தேடாததைக் கண் காண்பதில்லை. ஒரு குறையைக் கண்டுவிட்ட திருப்தியில் இரண்டாவது குறையைத் தேடாமல் விடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நிபுணர்களுக்கே இப்படியென்றால், வருஷக்கணக்காகத் தனியே, சந்தேகம் கேட்க ஆளில்லாமல், வெளியே நாற்பது நோயாளிகள் காத்திருக்கும்போது ஒரு நிமிஷத்தில் படம் பார்க்கும் பொது வைத்தியரின் நிலைமையைச் சொல்லவேண்டுமா? கழுத்துப்பட்டை எலும்பின் பின்புறம், இருதய நிழலின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே இறங்கிய நுரையீரலின் அடிப்பாகம் ஆகியவை நோய் ஒளியும் இடங்கள். இவற்றை ஒழுங்காக, ஒவ்வொரு படத்திலும், ஒரே வரிசையில் பார்க்கவேண்டும் என்ற பழக்கம் உபந்நியாசத்தால் வருவதன்று. நூற்றுக்கணக்கான படங்களைப் பக்கத்தில் ஒரு குருவை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வருவது.

எதைக் கேட்பது, எப்போது கேட்பது?

படத்தைப் படிப்பது பாதி வித்தை. எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம் என்று நிர்ணயிப்பது மறு பாதி. இந்த இரண்டாவது பாதிதான் ஏழையின் மடியைத் தொடுகிறது. பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று அறிய வயிற்றுக்குச் சாதாரண எக்ஸ்-ரே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான கற்கள் அதில் தெரியவே மாட்டா. கதிர் எதுவும் படாத அல்ட்ராஸவுண்டில் அவை தெளிவாகத் தெரியும். பக்கவாதம் கண்டு சில மணி நேரத்தில் வருபவருக்கு எடுக்கும் தலை ஸி.டி., மூளையில் ரத்தக் கசிவு உண்டா இல்லையா என்பதை உடனே சொல்லும். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பால் வந்த வாதமாயிருந்தால் அப்படம் ஆரம்பத்தில் சுத்தமாகவே தோன்றலாம். இதை அறியாத வைத்தியர், 'ஸ்கேன் நன்றாயிருக்கிறது' என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்கவேண்டிய நாலரை மணி நேரமும் அதற்குள் கடந்துவிடும். கீழே விழுந்து மணிக்கட்டில் அடிபட்டவருக்கு முதல் நாள் படத்தில் முறிவு தெரியாமலிருந்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எடுக்கும் படத்தில் தெரிவதும் உண்டு.

இடுப்புவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்று ஒரு மோஸ்தராகிவிட்டது. 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், இடுப்புவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவிகிதத்தினருக்கு ஓரிடத்திலாவது முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருந்தது! வலியில்லாதவனுக்கும் இருக்கும் பிதுக்கத்தை வலியுள்ளவனிடம் கண்டு, 'இதுதான் காரணம், ஆபரேஷன் செய்யவேண்டும்' என்று முடிவு கட்டினால் அதன் பலன் என்ன? விவசாயி நிலத்தை ஈடு வைப்பான், வலி போகாது. தேவையில்லாத ஸி.டி.யோ பணத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. வயிற்று ஸி.டி. ஒன்றில் உடலில் படும் கதிரின் அளவு மார்பு எக்ஸ்-ரேயைப்போல் நூறு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். சிறு குழந்தைகள் விஷயத்தில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. நோய் அறியும் அவசியம் இருந்தால் தயங்காமல் எடுக்கவேண்டும், அவசியமில்லையென்றால் எடுக்கக்கூடாது. இந்த விவேகத்தைக் கற்பிப்பதே மேற்படிப்பின் முதற் பயன்.

க்ஷயரோகமும் புதிய யந்திரங்களும்

உலகத்து க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நமது நாட்டினர். 2019 முதல் 2021 வரையில் தேசமெங்கும் நடந்த க்ஷயரோகக் கணக்கெடுப்பு ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டது. நோய்க்குறிகளை மட்டும் கேட்டுவிட்டு எக்ஸ்-ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவிகிதத்தினர் தப்பிப் போயிருப்பார்கள் என்பதே அது. நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல்! இவர்கள் இருமல் சொல்லி ஆஸ்பத்திரி வாசலுக்கு வராதவர்கள். படம் மட்டுமே காட்டிக்கொடுத்தவர்கள். எக்ஸ்-ரே படிக்கும் வித்தை பட்டணத்து ஆடம்பரமா, நாட்டின் ஜீவாதாரமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணிக்கையே போதுமான பதில்.

'இனி மனிதக் கண் எதற்கு? கம்ப்யூட்டரே படித்துவிடுமே' என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடையே க்ஷயரோகத்தைச் சலித்தெடுக்க, மனிதருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கணிப்பை உபயோகிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சிபார்சு செய்தது. கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்-ரே கருவிகளோடு இம்முறை கிராமங்களுக்குள் செல்வதை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆயினும் அந்தச் சிபார்சின் எல்லையைக் கவனிக்கவேண்டும். அது ஒரு நோயைப் பற்றியது, ஒரு வகைப் படத்தைப் பற்றியது, சலித்தெடுப்பதைப் பற்றியது. கம்ப்யூட்டர் 'சந்தேகம்' என்று சொன்ன பிறகு, அது க்ஷயரோகமா, புற்றுநோயா, பழைய தழும்பா என்று நிதானிக்க வேண்டியவர் வைத்தியரே. யந்திரத்தின் சொல்லைச் சோதித்துப் பார்க்கத் தெரியாதவர் அந்த யந்திரத்துக்கு எஜமானராக இருக்க மாட்டார், அடிமையாகவே இருப்பார். கருவி புதிதாகப் புதிதாக, கல்வியின் அவசியம் அதிகமாகிறதே ஒழியக் குறைவதில்லை.

விதி இருக்கிறது, வித்தை எங்கே?

மேற்படிப்புக்கு நம் நாட்டில் விதி இல்லாமலில்லை. 2002-ம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகள், ஒவ்வொரு வைத்தியரும் ஐந்து வருஷத்தில் 30 மணி நேரமாவது தொடர் கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று கூறுகின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவக் கமிஷன் புது விதிகளை வெளியிட்டு, அந்த மாதத்திலேயே அவற்றை நிறுத்திவைத்தது; பழைய விதிகளே மறுபடியும் அமுலுக்கு வந்தன. ஆக, கணக்கு வருஷத்துக்கு ஆறு மணி நேரம். எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஆறு மணி நேரம்!

இந்த ஆறு மணியும் எப்படிக் கழிகிறது? பெரிய ஹோட்டல் மண்டபம்; குளிர்ந்த காற்று; திரையில் வேகமாக ஓடும் படங்கள்; அயல்நாட்டில் கூட அபூர்வமான நோய் ஒன்றைப் பற்றி ஒரு பிரமுகரின் உபந்நியாசம்; பிறகு விருந்து; கையெழுத்து; அத்தாட்சிப் பத்திரம். எல்லாக் கூட்டங்களும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. மனப்பூர்வமாக உழைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை அளப்பதைக் கல்வி என்று ஒப்புக்கொள்ள முடியாது. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசும் பிரயாணச் செலவும் வைத்தியர்கள் பெறக்கூடாது என்று 2009-ல் விதி செய்யப்பட்டது. யார் பந்தி வைக்கிறார்களோ அவர்கள் பேச்சு நம் காதில் இனிக்கும் என்பது மனித சுபாவம். ஆகவே கல்வியின் செலவு வியாபாரியின் பையிலிருந்து வரலாகாது.

அல்ட்ராஸவுண்டு விஷயம் இதற்கு நல்ல உதாரணம். பெண் குழந்தையைக் கருவிலேயே அழிக்கும் பாதகத்தைத் தடுக்க 1994-ல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் 2014-ல், எம்.பி.பி.எஸ். படித்த வைத்தியர்கள் வயிற்று அல்ட்ராஸவுண்டு செய்வதற்கு ஆறு மாதப் பயிற்சி, 300 மணி நேரம், விதிக்கப்பட்டது. 2016-ல் தில்லி ஹைகோர்ட் அவ்விதியைத் தள்ளியது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. எது சட்டப்படி சரி என்ற வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. இந்தக் கருவியைத் தொடுவதற்குக் கைப்பழக்கம் அவசியம் என்பதை இரு தரப்பாரும் மறுக்கவில்லை. அப்படியானால் அப்பழக்கத்தைப் பெறும் இடங்கள் ஒவ்வொரு ஜில்லாவிலும் இருக்கவேண்டாமா?

செய்யவேண்டியது

குறை கூறிவிட்டு நிறுத்துவது நமது வழக்கமல்ல. நாம் சொல்லும் யோசனைகள் எளியவை. கோடிக்கணக்கில் பணம் கேட்பவை அல்ல.

முதலாவது, ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், படம் பார்க்கும் கூட்டம் நடக்கட்டும். அந்த வாரத்துப் படங்களையே எடுத்துக்கொள்ளட்டும். சுற்றுவட்டாரத்துச் சர்க்கார் வைத்தியர்களும் தனித் தொழில் நடத்துகிறவர்களும் தங்கள் படங்களோடு வரட்டும். வர இயலாதவர்கள் கம்ப்யூட்டர் வழியாகச் சேரட்டும்.

இரண்டாவது, படத்தைக் கண்டு சொன்னதும், பின்னர் ஆபரேஷனிலும் சளிப் பரிசோதனையிலும் தெரிந்ததும் ஒத்திருந்தனவா என்ற செய்தி, முதலில் படம் பார்த்த வைத்தியருக்குத் திரும்பிச் செல்லவேண்டும். தன் தவறு தனக்குத் தெரியாதவன் எப்படித் திருந்துவான்?

மூன்றாவது, தவறைப் பேசும் கூட்டத்தில் தண்டனை கூடாது. பிரிட்டனில் கதிரியக்க நிபுணர்களின் ராயல் காலேஜ், தவறிப்போன படங்களைப் பெயர் குறிப்பிடாமல் ஒன்றாக உட்கார்ந்து விவாதிக்கும் முறையைத் தன் அங்கத்தினர்களுக்கு வகுத்திருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி 'யார் தவறினார்?' என்பதல்ல, 'எதனால் தவறியது?' என்பதே.

நான்காவது, கிராமத்து வைத்தியர் பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் அவர் இடத்தில் வேறொருவரை அனுப்புவது சர்க்காரின் கடமை. ஆள் அனுப்பாமல் 'கற்றுக்கொள்' என்று உத்தரவு போடுவது, ஏரைப் பிடுங்கிக்கொண்டு உழச் சொல்வதாகும்.

ஐந்தாவது, இன்ன நோய்க்குறிக்கு இன்ன படம் என்ற சிறு கைப்புஸ்தகம் ஒன்று, நமது நாட்டு நோய்களையும் நமது ஜனங்களின் செலவுச் சக்தியையும் மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டு, ஒவ்வொரு வைத்தியரின் மேஜையிலும் இருக்கட்டும்.

இவை நடக்கக்கூடியவையா என்று ஐயுறுகிறவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்லும். 1914-ல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டபோது, இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையார் தமது ஆராய்ச்சிசாலையை ஒதுக்கி வைத்துவிட்டு எக்ஸ்-ரே கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். அதற்காக அவர் உடற்கூறு சாஸ்திரத்தைப் புதிதாகக் கற்றார்; மோட்டார் ஓட்டவும் கற்றார். 1916 முதல் ஏறக்குறைய 150 பெண்களுக்கு எக்ஸ்-ரே வேலையைக் கற்பித்து அனுப்பினார். உலகப் புகழ் பெற்ற மேதைக்கே ஐம்பதை நெருங்கும் வயதில் மாணவராவது கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. நமது வைத்தியர்களுக்கு ஏன் தோன்றவேண்டும்?

பொது ஜனங்களுக்கும் இதில் கடமை உண்டு. 'ஸ்கேன் எழுதாத டாக்டர் டாக்டரே அல்ல' என்ற எண்ணத்தை நாம் விட்டொழிக்கவேண்டும். 'இந்தப் படம் எதற்காக? இதனால் என் சிகிச்சை மாறுமா?' என்று மரியாதையுடன் கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு; தமிழில் விளங்கும்படி பதில் சொல்லும் கடமை ஒவ்வொரு வைத்தியருக்கும் உண்டு. ஊர்தோறும் பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்கள், 'எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் யந்திரம் வேண்டும்' என்று மகஜர் எழுதும்போது, 'அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற கண்ணும் வேண்டும்' என்று இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.

ராண்ட்ஜன் தம் கிரணத்தை விற்கவில்லை, உலகத்துக்கு வழங்கினார். தானமாக வந்ததைத் தகுதியோடு பெற்றுக்கொள்வதே பெறுகிறவனுக்கு அழகு. அந்தத் தகுதி படிப்பினால் வருவது. ஒரு முறை படித்த படிப்பினால் அல்ல, படித்துக்கொண்டே இருப்பதனால் வருவது. அந்த நெசவுத் தொழிலாளி நாளை மாலையும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் தம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் வைத்தியரின் கண் திறந்திருக்கவேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்வது சர்க்காரின் பொறுப்பு. செய்ய வைப்பது நமது பொறுப்பு.